பின்பக்கமா வாங்க

1.

இந்தக் கதை என் வீட்டு அழைப்புமணியில் தொடங்கியது. மகனுக்கு வேலை கிடைத்திருந்தது; முகவரி சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கதவைத் திறந்தேன். சோபாவில் உட்கார்ந்தார், தலையாட்டினார், போய்விட்டார். இதில் கதை எங்கே என்றால், இல்லை. அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் எனக்கு உறுத்தியது.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'சாக்கடைக் கால்வாயை ஒட்டிய அந்தத் தெருவில் விடியல் என்பது'

வேண்டாம். விடியலை வர்ணித்து அந்தத் தெருவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நேராகவே சொல்கிறேன். கணக்குப் படித்து முடித்த ஒரு பெண். இரண்டு இடங்களில் நேர்காணல் நன்றாகத்தான் போனது. "எங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டார்கள். தெருவின் பெயரைச் சொன்னதும் எதிரே இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். மூன்றாவது இடத்தில், அம்மா வீட்டுவேலை செய்கிற பெரிய வீட்டின் முகவரியைக் கொடுத்தாள். வேலை கிடைத்தது. சரிபார்க்க ஆள் வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்காரர்கள் பகலில் இருக்க மாட்டார்கள் என்பது ஒன்றே தைரியம்.

(பொய் சொன்னவளைப் போய்க் கதாநாயகி ஆக்குகிறாயே என்றார் ஒரு நண்பர். அவர் தன் தெருவைச் சொன்னால் யாரும் பேனாவை மூடுவதில்லை.)

3.

"அம்மா, யாராவது வந்து கேட்டா 'எங்க வீடுதான்'னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

"பொய்தானே? சொல்லிட்டாப் போச்சு. உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

அம்மாவைக் கொஞ்சம் நடுங்க வைக்கலாம் என்று பார்த்தேன். அவள் மசியவில்லை. பெட்டியிலிருந்த நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

4.

மணி அடித்தது.

அம்மா அடுப்படியிலிருந்து பின்வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றி ஓடி, வந்தவரின் முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"வாங்க சார். எங்க வீடுதான்."

அவர் திரும்பினார். பூட்டியிருந்த முன்கதவையும் ஒருமுறை பார்த்தார். "உள்ள உக்காந்து பேசலாமா?"

"தாராளமா. இப்படிப் பின்பக்கமா வாங்க."

[பாவி மனுஷி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை முன்கதவு வழியாக யாரும் விட்டதில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அந்த வீட்டுக்கு வாசல் பின்வாசல் ஒன்றுதான்.]

5.

முடிவு ஒன்று எழுதினேன். வந்தவரும் அதுபோன்ற தெருக்காரர். கண்டும் காணாமல் போகிறார். அதை அடித்துவிட்டேன். ஒரு நல்ல மனிதரைக் கூட்டிவந்து நான் நழுவிக்கொள்வது வெட்கமாக இருந்தது. இன்னொன்றில் வேலை போகிறது, மகள் அம்மாவைத் திட்டித் தீர்க்கிறாள், அம்மா அப்போது

முடிக்க மனசு வரவில்லை.

மிச்சம் இருப்பது இதுதான். சாயங்காலம் அம்மா வருகிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீ சொன்னபடியே சொல்லிட்டேன். பின்பக்கமா கூட்டிட்டுப் போயி, அடுப்படியில ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு, தண்ணிகூடக் குடுத்தேன். சரியாத்தானே செஞ்சேன்?"

மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் சொன்னாள்:

"

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. மேற்கோள் குறியைத் திறந்து வைத்திருக்கிறேன், நீங்கள் மூடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.