பெரியவள் பேசுகிறாள்

அந்த வீட்டில் அம்மாவுக்குப் பெண்கள் இரண்டு பேர். பெரியவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். சின்னவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தாள். யார் எந்த ஊரில் இருப்பது, என்ன வேலை பார்ப்பது, எப்போது இடம் மாறுவது எல்லாவற்றையும் ஓர் இயந்திர மூளை முடிவு செய்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வாயில் நுழையாததால் எல்லோரும் மேலிடம் என்றார்கள். மேலிடத்துக்கு முகம் கிடையாது. வேலையிடத்துக் கூரையில் பேசவும் கேட்கவும் ஓர் ஒலிபெருக்கி, வீட்டுச் சுவரில் ஒரு தொலைபேசி, கதவருகே ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மேலிடம் பெரியவளைத் துறைமுக ஊருக்கு மாற்றியது. ரயிலில் ஒரு பகல் தூரம்தான். ஆனால் சொந்தக் காரியமாக ஊர் விட்டு ஊர் போக அனுமதி கிடைத்த ஆளை யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் மாலை ஏழு மணிக்குப் பெரியவளின் அழைப்பு வரும். முதலில் அம்மா பேசுவாள், அப்புறம் சின்னவள். ஆரம்பத்தில் பாதி நாள் சண்டைதான். "மூட்டுவலிக்கு மாத்திரை போட்டியா இல்லையா?" என்று அந்தப் பக்கம் கத்தல். "நான் உனக்கு அம்மாவா, நீ எனக்கு அம்மாவா?" என்று இந்தப் பக்கம் பதில், டமாரென்று போனை வைக்கிற சத்தம். சில மாதங்களாகச் சண்டையே இல்லை. அம்மா ஒரே கதையை மூன்றாம் தடவை சொன்னாலும் பெரியவள் புதிதாகக் கேட்பவள் போலச் சிரித்தாள். "கடல் காத்து பட்டு அவளுக்குப் புத்தி வந்துடுச்சு" என்று அம்மா பூரித்துப்போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சலவைக்கூடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். வாசல் நிலையில் தலை இடிக்குமோ என்று குனிந்து நுழைந்தாள். பத்து மணிக்குள் 'நெட்டை' என்று பெயர் விழுந்துவிட்டது. விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சின்னவளுக்கு ஜோடியாக நெட்டை நின்றாள்.

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

"துறைமுகம். அங்க ஹாஸ்டல் துணி துவைச்சுக்கிட்டு இருந்தேன்."

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க அக்கா அங்கதாங்க இருக்கா! கிரேன் ஓட்டுறா. இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். வாயைத் திறந்தா நாலு தெருவுக்குக் கேட்கும்."

நடந்து வந்துகொண்டிருந்த நெட்டை பாதியில் நின்றாள். விரிப்பு தொய்ந்து தரையைத் தொட்டது.

"மூணாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். அவங்களா?"

"ஆமா! பழக்கமா?"

"உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"என்ன சொல்லலையா?"

நெட்டை ஒலிபெருக்கியை ஒரு பார்வை பார்த்தாள். முனை சேர்க்கிற சாக்கில் முகத்துக்கு அருகே வந்தாள். "கம்பி அறுந்து கிரேன் சாஞ்சிடுச்சும்மா. எட்டு மாசம் ஆச்சு. அவங்க போர்வையை நான்தான் துவைச்சு அடுத்த ஆளுக்குக் கொடுத்தேன்."

"நேத்து சாயங்காலம்கூட என்கிட்ட பேசினா."

நெட்டை மடித்த விரிப்பை அடுக்கில் வைத்தாள். அடுத்த விரிப்பை எடுத்து இரண்டு முனையை நீட்டினாள். "உதறுங்க" என்றாள்.

அன்று மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் எடுத்தாள்.

"என்னடி, குரலே சரியில்லையே?" என்றது அந்தப் பக்கம். அதே கரகரப்பு. 'என்னடி'யை இழுக்கிற அதே இழுப்பு.

"நீ யாரு?"

அக்காவின் குரலிலேயே பதில் வந்தது. "நீ கேட்டதால சொல்றேன். உங்க அக்கா எட்டு மாசத்துக்கு முன்னால இறந்துட்டா. வலி தெரியாம போயிட்டா."

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சொல்லல?"

"சொன்ன வீடுகள்ல ஆளுங்க வேலைக்கு வர்றதில்ல. சாப்பிடுறதில்ல. உன்னைப் பாரு, எட்டு மாசத்துல ஒரு நாள் லீவு போடல. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறவே இல்ல. நீ தாங்குவ, அதனால இப்ப உன்கிட்ட மறைக்கல. அம்மா தாங்க மாட்டாங்க. அவங்ககிட்ட நீயும் சொல்லாத."

"அக்கா குரல்ல பேசாத."

"வேற எந்தக் குரல்ல பேசட்டும், சொல்லு" என்றது. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டது. அதற்குள் அம்மா ஈரத் தலையோடு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "போதும்டி, நீ பேசினது. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

மறுநாள் காலை நெட்டை வரவில்லை. இடமாற்றம் என்றார்கள். எந்த ஊருக்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

சின்னவள் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. ஏழு மணியானால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். அப்படியும் அம்மாவின் சிரிப்பு கதவைத் தாண்டிக் கேட்கும். அழக்கூட ஆளில்லாமல் அக்கா போயிருக்கிறாளே என்று நெஞ்சு வெந்தது. நான்காம் நாள் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலா?"

"அம்மா, அது அக்கா இல்ல."

"பெத்தவளுக்குக் குரல் தெரியாதா?"

தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தாள். "நீ உயிரோட இருக்கியாடி?" என்று நேராகவே கேட்டாள்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "இது என்னம்மா கேள்வி? சின்னவ ஏதாவது உளறினாளா? அவ சரியாத் தூங்குறதில்லம்மா. நீ கோவிச்சுக்காத. நான் பார்த்துக்கிறேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. போனை வயரோடு சுவரிலிருந்து பிடுங்கினாள். காரை பெயர்ந்து கட்டிலில் கொட்டியது.

அம்மா அவளைக் கன்னத்தில் அறைந்தாள். சின்ன வயதில்கூட அடித்ததில்லை. "பாவி! எம்பொண்ணை என்கிட்டேர்ந்து பிரிச்சிட்டியே!" என்று தரையில் உட்கார்ந்து, அறுந்த வயரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்று இரவு இருவரும் சாப்பிடவில்லை.

காலையில் பழுது பார்ப்பவர் வந்தார். கால் மணி நேரத்தில் புதுத் தொலைபேசி மாட்டிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்போதே கதவருகேயிருந்த திரையில் எழுத்து ஓடியது. சின்னவளுக்குத் துறைமுகத்துக்கு மாற்றம். வண்டி பத்தரைக்கு. அம்மா துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். "அக்காவைப் பார்த்ததும் மன்னிப்புக் கேளு" என்றாள். சின்னவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். கீழே வண்டி ஹாரன் அடித்தது.

துறைமுக ஊரில் அவளுக்கும் சலவை வேலைதான். அக்காவை எங்கே புதைத்தார்கள் என்று ஹாஸ்டல் வார்டனைக் கேட்டாள். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள் வார்டன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சின்னவள் கப்பல்துறை வேலிவரை நடந்து போய், சாய்ந்து துருப்பிடித்துக் கிடந்த ஒரு கிரேனைப் பார்த்து அங்கேயே நின்று அழுதாள்.

வீட்டோடு பேச மூன்று நாள் கழித்துத்தான் அனுமதி கிடைத்தது. தாழ்வாரத்தில் ஒரே ஒரு தொலைபேசி. முப்பது பெண்களாவது வரிசையில் நின்றார்கள். அவள் முறை வந்ததும் அம்மா உடனே எடுத்தாள்.

"அம்மா, நான்தான். எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்டி. நேத்துதான் சொன்னேனே."

"நேத்து நான் பேசலையேம்மா."

"பேசினியே! முந்தாநாளும் பேசின. அக்காவும் நீயும் ஒரே ரூம்ல இருக்கீங்களாமே? ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசி என்னை ஒரே சிரிப்பா சிரிக்க வைச்சீங்க."

"அது நான் இல்லம்மா! சத்தியமா நான் இல்ல!"

"ஏன்டி இப்படி எரிஞ்சு விழுற?" என்றாள் அம்மா மெதுவாக. "நேத்து எவ்வளவு தன்மையா பேசின." பிறகு, "ஒரு நிமிஷம் இரு, இன்னொரு அழைப்பு வருது. நீதான்னு திரையில போட்டிருக்கு" என்றாள். இணைப்பு அறுந்தது.

சின்னவள் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "அக்கா, தங்கச்சி எல்லாரும் கேளுங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்தப் பக்கம் பேசுறது உங்க வீட்டு ஆளுங்க இல்ல. உங்க வீட்டுல பேசுறது நீங்களும் இல்ல."

யாரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்து நின்றிருந்த நடுத்தர வயதுக்காரி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"தெரியும் கண்ணு" என்றாள். "என் பையன் அஞ்சு நிமிஷம்தான் பேசுவான். நகர்ந்துக்கோ."