நெரெய்டா வீட்டுக் கதவு ரப்பர்

டிசம்பர் மாதம் எங்கள் ஊரில் பன்றித் தொடை வாங்குவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடப் பெரிய அலைச்சல். நான் அலைந்து வாங்கிவிட்டேன். என் மகன் ஒஸ்னியெல் மயாமிக்குப் போனபின் முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறான். வருடத்தின் கடைசி இரவில் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் பூண்டும் தடவி அந்தத் தொடையை அவனுக்குச் சமைத்துப் போட வேண்டும். அதுவரை அது கெடாமல் இருக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. ரஷ்யாக்காரனின் கதவு ரப்பர் கிழிந்துவிட்டது.

ரஷ்யாக்காரன் என்றால் என் ஃபிரிட்ஜ். எங்கள் ஊர் சியென்ஃபுவேகோஸில் பாதி வீடுகளில் ஒரு காலத்தில் அவன்தான் குடியிருந்தான். லாரி மாதிரி சத்தம் போடுவான், ஆனால் சாகமாட்டான். இப்போது ரப்பர் கிழிந்ததும் குளிரெல்லாம் வெளியே போய் சமையலறைதான் ஜில்லென்று இருந்தது. கரண்டும் பாதி நாள் இருப்பதில்லை. கதவு இறுக்கமாக மூடினால்தான் உள்ளே இருப்பது தாங்கும். மெக்கானிக் எலிசெயோவைக் கூப்பிட்டேன்.

அவன் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தான். காகிதம் தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தது.

"மோட்டார் உங்களையும் என்னையும் புதைச்சுட்டுத்தான் நிக்கும், அக்கா. ரப்பர்தான் போச்சு."

"சரி, வேற வாங்கிப் போடு."

"எங்க போய் வாங்க? இதைச் செஞ்ச நாடே இப்ப இல்லையே."

ஆனாலும் பாவம், முயற்சி பண்ணினான். சீனா ஃபிரிட்ஜின் ரப்பரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான், ஒரு சாண் குட்டை. ஒட்டுப் போட்டால் மூலையில் பல்லை இளித்தது. பழைய அமெரிக்கா ஃபிரிட்ஜின் ரப்பர் தடிமன், ரப்பரைப் பிடிக்கிற தகட்டுக்கு அடியில் நுழையவே மறுத்தது. கடைசியில் சைக்கிள் ட்யூபை வெட்டிப் பசை போட்டு ஒட்டினான். மறுநாள் காலை கதவைத் திறந்தால் பஞ்சர் கடை வாசம்.

"பிச்சு எறி அதை," என்றேன். "இறைச்சியில டயர் நாத்தம் அடிச்சா என் பிள்ளை வந்த விமானத்துலயே திரும்பிப் போயிடுவான்."

ஒஸ்னியெலுக்கு ரப்பரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அவன் போன் பண்ணினான்.

"அம்மா, கடைக்காரன் என்ன மாடல்னு கேக்கறான்."

"ரஷ்யான்னு சொல்லு."

"சொன்னேன். கூட ரெண்டு பேரைக் கூப்பிட்டு வச்சுச் சிரிக்கிறான். பேசாம புதுசு ஒண்ணு வாங்கித் தரேனே."

"நீ முதல்ல வந்து சேருடா. புதுசு பழசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

பசையைச் சுரண்டிக்கொண்டே எலிசெயோ மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, இந்த மாடலுக்கு இந்த மாடல்தான். ஒண்ணு செத்தாத்தான் இன்னொண்ணு பிழைக்கும். இதே மாடல் இந்தத் தெருவுல ஒண்ணு இருக்கு."

"தெரியும். வேலையைப் பாரு."

எனக்குத் தெரியாதா? நெரெய்டா வீட்டில் இருக்கிறது. அவளும் நானும் நூற்பாலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரம். என்ன நாட்கள் அவை! சத்தத்தில் பேச முடியாது, உதட்டைப் பார்த்தே ஊர் வம்பெல்லாம் பேசி முடிப்போம். ஒரு சிகரெட்டை இரண்டு பேரும் இழுப்போம், ஒரே ஜோடி நல்ல செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடனத்துக்குப் போவோம். இன்றைக்கும் நூல் வாசம் வந்தால் எனக்கு அவள் சிரிப்புதான் ஞாபகம் வரும். அப்படிச் சிரித்தவளோடு நாற்பது வருடம் பேச்சில்லாமல் போனது.

காரணம் இந்த ஃபிரிட்ஜ்தான். அப்போதெல்லாம் கையில் காசு இருந்தாலும் ஃபிரிட்ஜ் வாங்க முடியாது. ஆலைக்கு ஒன்று வரும். எல்லோரும் கூடி, யார் நல்ல தொழிலாளி என்று பேசிக் கை தூக்கி முடிவு செய்வார்கள். அந்த வருடம் மிஞ்சியது நெரெய்டாவும் நானும். அவளுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும், அவள் கை என் கையைவிட வேகம். யாரோ ஒருத்தி எழுந்து, ஆலையே கூலியில்லாமல் உருளைக்கிழங்கு பிடுங்கப் போன ஞாயிற்றுக்கிழமை நெரெய்டா வரவில்லை என்று போட்டுக்கொடுத்தாள். கைகள் எனக்காக உயர்ந்தன. அந்தப் பெண்ணை எழுப்பிப் பேசவிட்டதே நான்தான் என்று நெரெய்டா முடிவு கட்டினாள். சத்தியமாக நான் இல்லை. சொல்லப் போனேன், கதவை முகத்தில் சாத்தினாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வருடம் அவளுக்கும் அதே ஃபிரிட்ஜ் கிடைத்தது, பேச்சு மட்டும் திரும்பவில்லை.

இறைச்சியைத் தொட்டுப் பார்த்தேன். ஓரம் இளகத் தொடங்கியிருந்தது. ரோஷத்தை உப்புப் போட்டு வைக்கவா முடியும்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நெரெய்டா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முகவாயில் மட்டும் அதே திமிர்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வந்த?"

"என் ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் போயிடுச்சு. ஒஸ்னியெல் வர்றான். உன்கிட்ட பழைய ரப்பர் ஏதாவது கிடக்குமான்னு கேக்க வந்தேன்."

"பழசு இல்ல," என்றாள். கதவைச் சாத்தவில்லை. "உள்ள வா. வாசல்ல நின்னா தெரு முழுக்கக் காது."

அவள் ரஷ்யாக்காரன் சமையலறையில் நேற்றுத்தான் வந்திறங்கியவன் மாதிரி நின்றான். துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். கதவைத் திறந்து காட்டினாள். ரப்பர் பால் மாதிரி வெள்ளை, ஒரு கீறல் இல்லை. உள்ளே தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. வேறொன்றும் இல்லை.

அவள் மகள் யமிலே போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்பது தெருவுக்கே தெரியும். எங்கோ ஸ்பெயினில் இருக்கிறாள், போனில் மட்டும் வருகிறாள்.

"நல்லா ஓடுதே நெரெய்டா. ஓடுறதை நான் கேக்க வரல," என்றேன். "இறைச்சியை மட்டும் இங்க வச்சுக்க. அது போதும்."

"அது எப்படிடி போதும்? வர்ற பிள்ளை பெட்டியைக் கீழ வச்ச கையோட எதைத் திறப்பான்? ஃபிரிட்ஜைத்தான் திறப்பான். திறந்தா ஒண்ணுமில்லாம இருந்தா அது என்ன வீடு?"

டிராயரிலிருந்து திருப்புளியை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன், தட்டிவிட்டாள். அந்தப் பழைய வேகம் இன்னும் இருந்தது. திருகுகளைத் தளர்த்தி, தகட்டைத் தூக்கி, ரப்பரைக் கிழியாமல் சுற்றிலும் உருவி எடுத்தாள். என் கழுத்தில் மாலை மாதிரி போட்டாள்.

"வெந்நீர்ல முக்கி எடுத்து மாட்டச் சொல்லு. அப்பத்தான் மூலையெல்லாம் படியும்."

நான் அவள் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினேன். மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினேன், மறுபடி திறந்தது.

"விடுடி," என்றாள் நெரெய்டா. குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். அந்தச் சமையலறையில் அவ்வளவு நேரம் ஒரு சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்குக் கூட்டத்துல அவளை எழுப்பிப் பேசவிட்டது நான் இல்ல," என்றேன்.

"இருந்தாலும் இல்லாட்டியும் இப்ப என்ன. போ, இறைச்சி கெட்டுடும்."

தெருவில் ரப்பரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அழுதபடியே நடந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நினைக்கட்டும். எலிசெயோ வெந்நீரில் முக்கி மாட்டினான். காகிதத்தை வைத்து இழுத்தான். அசையவில்லை. வெட்டிச் செய்தாலும் இப்படிப் பொருந்தாது என்றான்.

மறுநாள் கரண்ட் போன வேளையில் யாரோ வாசல் கதவைக் காலால் தட்டினார்கள். திறந்தால் நெரெய்டா, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில்கள்.

"இடம் இருக்கா?" என்றாள்.

நான் ஃபிரிட்ஜைத் திறந்து, பன்றித் தொடையை ஓரமாக ஒதுக்கி இடம் செய்தேன்.