வடிவம்மா ஏறாத வண்டி

அழகமுத்துவின் சிவப்பு வண்டியில் இரண்டே இரண்டு சீட்டுத்தான். ஒன்றில் அழகமுத்து உட்காருவார். மற்றதில் ஐந்து மாதமாக ஒரு மனிதரும் உட்காரவில்லை. ஒரு தடவை மரக்கறிச் சந்தையிலிருந்து அரை மூட்டை கோவா உட்கார்ந்து வந்தது. மற்றபடி காலிதான்.

அந்தக் காலி சீட் யாருக்கு என்று வத்தேகமவில் எல்லாருக்கும் தெரியும். கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்தவர், ஓய்வு பெற்ற மறுமாதமே பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் ஊர் கேட்காமல் விடுமா? அதுவும் முப்பது வருடத்துக்கு முன்னால் ஜப்பான்காரன் செய்தது, துணிக்கூரையை மடக்கிவிட்டு வெயில் காய்ந்துகொண்டே ஓட்டுகிற வகை. ஊர் கேட்டது. "எங்க வீட்டுக்காரி பக்கத்துல ஒக்காந்து போகணும்" என்று மனிதர் வெட்கமில்லாமல் பதில் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் பஸ்ஸில்தான் போனார்கள். வடிவம்மாவுக்கு யாராவது ஒரு பெண்பிள்ளை முன்னால் இடம் கொடுப்பாள். அழகமுத்து மிதிபலகையில் தொங்குவார். மனைவி என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்பதே கண்டியில் இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

வண்டி வந்த பத்தாம் நாள் கியர் பொக்ஸ் கத்த ஆரம்பித்தது. இரண்டாம் கியரில் கரகரவென்று தொடங்கி, மூன்றாம் கியரில் தகரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி ஏறும். வத்தேகமவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மேடும் வளைவும்தான். இரண்டையும் மூன்றையும் போடாமல் ஓட்ட வழியில்லை. சந்தையில் மரக்கறி நிறுக்கிறவர்கள் தராசை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஜெயராஜ், ஓட்டை த்ரீவீலர் ஒன்றை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்புகிறவன், அவன்கூடக் காதைப் பொத்திக் காட்டினான்.

"இந்த அரவ மிஷின்ல நான் ஏற மாட்டேன்" என்றாள் வடிவம்மா. "ஊரே திரும்பிப் பாக்குது. மொதல்ல அந்தச் சத்தம் நிக்கட்டும், அப்பறம் பாப்போம்."

சத்தத்தை நிறுத்த மடவளையில் கராஜ் வைத்திருக்கும் நளீரிடம் போனார். நளீர் கெட்டிக்காரன். காதைக் கொடுத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். என்ன, சொல்கிற நோய் தடவைக்குத் தடவை மாறும். முதலில் ஒயில் என்றான். ஒயிலை மாற்றினார்கள். பிறகு ஒயில் மெல்லிசு என்றான். தடித்த ஒயில் ஊற்றினார்கள். பிறகு கியர் பொக்ஸைத் தாங்குகிற ரப்பர் என்றான். அதையும் மாற்றினார்கள். வண்டி இன்னும் கொஞ்சம் தெம்பாகக் கத்தியது. கடைசியில் நளீர் பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டி, "உள்ளுக்கு பெயரிங் போயிரிக்கி ஐயா, இறக்கித்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டான். அந்த பெயரிங்கைக் கொழும்பில் தேடிப் பிடிக்கவே இரண்டு மாதம் ஆனது.

அதற்குள் வடிவம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சனிக்கிழமைக்குள்ள சரிவரலன்னா வித்துப்போடுங்க. காலம்பூரா அதுக்கடியிலயே படுத்துக் கெடக்கப் போறீங்களா?" என்று ஒரே போடாகப் போட்டாள். அழகமுத்துவும் ரோஷத்தில் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பழைய வண்டி ஒன்று தேடிக்கொண்டிருந்த அக்குறணை அம்ஜத் சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. "சத்தம் பரவாயில்ல ஐயா, நான் தனியாத்தானே ஓட்டப் போற" என்று அவன் சொன்னதும் அழகமுத்து போனைப் பட்டென்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கராஜில் போய் நின்றார். நளீர் பெயரிங்கை மேசையில் எடுத்து வைத்துவிட்டு, பிஸ்மி சொல்லி வேலையைத் தொடங்கினான். கியர் பொக்ஸை இறக்குவதென்றால் முதலில் வண்டிக்குள்ளிருந்து கியர் லீவரைக் கழற்ற வேண்டும். குமிழைத் திருகி எடுத்தான். தோலுறையைத் தூக்கினான். அதற்குக் கீழே ஒரு கிழிந்த ரப்பர் இருந்தது. அதற்குள் விரலை விட்டவன் சுட்டுக்கொண்டதுபோல் கையை இழுத்தான்.

"ஐயா, இங்க வாங்க. உள்ளுக்கு என்னமோ இரிக்கி."

அழகமுத்து எட்டிப் பார்த்தார். விரல் நீளத்தில் ஒரு செப்புக் குழல், இரண்டு பக்கமும் மூடி, கறுப்பு நூல் சுற்றி, லீவருக்கும் தகரத்துக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. லீவர் நடுங்க நடுங்க அது தகரத்தை ராவியிருக்கிறது. ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. ஐந்து மாதமாகக் கத்தியது கியர் பொக்ஸே இல்லை.

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே துள்ளிக் குதித்திருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் வண்டியை விட்டுப் பத்தடி தள்ளிப்போய் நின்றார்கள்.

"செய்வினை" என்றார் அழகமுத்து.

"நானும் அதத்தான் நெனச்ச. ஒங்களுக்கு ஆகாதவங்க யாரும் இரிக்காங்களா ஐயா?"

முப்பத்தொரு வருடம் கந்தோரில் இருந்தவருக்கு ஆகாதவர்களுக்கா பஞ்சம்? ஆனால் அவர் மனம் நேரே போய் ஜெயராஜின் வாசலில் நின்றது. பொறாமை! மூன்று சக்கரத்துக்கு நாலு சக்கரத்தின் மேல் பொறாமை. சத்தத்தையும் வைத்துவிட்டு, காதையும் பொத்திக் காட்டியிருக்கிறான் பாவி.

"ஆத்துல எறிஞ்சிரட்டா?" என்று கேட்டார்.

"ஐயோ வேணாம். தெரியாம எறிஞ்சா இன்னும் பெரிசா வந்து புடிக்கும். தெரிஞ்ச ஆள்கிட்டக் கொண்டுபோய் அவுத்துப்போடுங்க" என்ற நளீர், குறடால் அதைக் கவ்வி எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே பேப்பரில் சுற்றி, டிக்கியில் போட்டான். லீவரைத் திரும்ப மாட்டினான். பெயரிங்கைப் பெட்டியோடு அவர் கையில் கொடுத்தான்.

தெரிந்த ஆள் என்றால் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயில் பழனியாண்டி பூசாரிதான். அழகமுத்து மேட்டுப் பாதையில் ஏறினார். இரண்டாம் கியர் போட்டார், சத்தமில்லை. மூன்றாம் கியர் போட்டார், வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. ஐந்து மாதம் தவம் கிடந்த அமைதி அது. அதை அனுபவிக்க மனிதருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் செய்வினை உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு எது ருசிக்கும்?

பூசாரி விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார். பேப்பரைப் பிரித்து, நூலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இத யாரு வெச்சான்னு கண்டுபிடிக்க முடியுங்களா சாமி?" என்று கேட்டார் அழகமுத்து.

"கண்டுபிடிக்க என்னா இருக்கு? நான் கட்டுனதுதான்."

அழகமுத்து இரண்டடி பின்வாங்கினார். "நீங்களா? ஒங்களுக்கு நான் என்னா துரோகம் பண்ணேன்?"

"அட, ஒக்காருங்க. இது செய்வினை இல்ல, தாயத்து. காவலு." பூசாரி சிரித்தார். "நீங்க வண்டி வாங்குன அடுத்த வாரம் ஒங்க வீட்டம்மா இந்த மேட்டுல நடந்தே வந்தாங்க. 'எங்க வீட்டுக்காரரு இந்த வயசுல கொமரன் மாதிரி வளைவுல வெட்டித் திருப்புறாரு சாமி. அவரு வர்ற வரைக்கும் வாசல்ல நின்னு நின்னு எனக்குக் காலு ஓஞ்சிபோச்சு. முழுசா வீடு வந்து சேரணும், அது போதும்'னு அழுதாங்க. அவரு கை படுற எடத்துல வைங்கம்மான்னு சொல்லி நான்தான் கட்டிக் குடுத்தேன். ஒண்ணு சொல்றேன், இது வண்டிய விட்டு எறங்கக் கூடாது. அத மட்டும் பாத்துக்கங்க."

அழகமுத்துவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை ஒயில்! எத்தனை சனிக்கிழமை! அந்தக் கோபம் வந்த வேகத்திலேயே கரைந்துபோனது. வாய்க்கு வந்தபடி வண்டியைத் திட்டியவள், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தத் தோலுறையைத் தூக்கி இதைச் செருகியிருக்கிறாள். ஏறவே மாட்டேன் என்றவள் அதற்காக ஒரு தடவை ஏறித்தானே இருக்க வேண்டும்? கோயில் வாசலிலேயே மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயராஜை நினைத்தும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வண்டி வாசலில் வந்து நின்றதே தெரியாமல் வடிவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஹோன் அடித்ததும் வெளியே வந்து பார்த்தாள்.

"சத்தம் நின்னுருச்சு வடிவு."

அவள் முகம் மலர்ந்தது. அவர் உள்ளங்கையை விரித்ததும் அது அப்படியே மாறிப்போனது.

"ஐயோ, யாரக் கேட்டு இத எடுத்தீங்க?"

"கியர் பொக்ஸ் கத்தல வடிவு. இதுதான் கத்துச்சு."

வடிவம்மா குழலின் தேய்ந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்ப நான் வெச்சதுக்கா இத்தன நாளா ஒங்களத் திட்டுனேன்?"

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பயம் அதை முந்திக்கொண்டது. "சரி, இருந்த எடத்துலயே திருப்பி வைங்க."

"வெச்சா கத்தும். கத்துனா நீ ஏற மாட்ட."

"அது இல்லாம ஓட்டக் கூடாது."

"அப்ப வித்துருவோம். நாலு மணிக்கு அம்ஜத் வர்றாரு" என்றார்.

வடிவம்மா அந்த இரண்டாவது சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அழகமுத்து நினைத்தார். உள்ளே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். அவர் கையிலிருந்து தாயத்தைப் பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இது வண்டிக்குள்ள இருந்தாச் சரிதான? நான் கையில வெச்சிக்கிறேன். ஒங்களுக்கு ஓட்டுறதுக்கு ரெண்டு கையும் வேணும். அந்த அம்ஜத்துக்குப் போன் கோல் எடுத்து வர வேணாம்னு சொல்லிருங்க."

"அப்ப நான் வண்டி எடுக்குற ஒவ்வொரு தடவையும்...?"

"வேற என்னா வழி? நான் வந்துதான ஆகணும்."

பின்பார்வைக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்பது அழகமுத்துவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முதலாம் கியரைப் போட்டார்.