சுகுமாரன் படுத்த நாள்

தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. விலாசினி சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"கோணின வாய் நேராயிடுச்சு. கையும் காலும் வேலை செய்யுது. இன்னும் என்னடி களைப்பு?" கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டார் அவள் கணவர் சுகுமாரன்.

விலாசினிக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. "நல்லாயிட்டீங்க" என்றுதான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். ஆனால் மணி பத்தானால் போதும், உயிரை உறிஞ்சி எடுத்ததுபோல் சரிந்துவிடுவாள். "பகல்ல பொம்பளை படுத்தா வீடு விளங்குமா?" என்று சுகுமாரனின் தங்கை ரத்னவல்லி அடுத்த தெருவிலிருந்து தினமும் போனில் கேட்பாள்.

அன்று பஞ்சாயத்து நர்ஸ் ஷைபா வந்தாள்.

"மூளையில பட்ட காயம் சேட்டா, வெளிய தெரியாது. சோம்பேறித்தனம் இல்ல. களைச்சு விழறதுக்கு முன்னாடியே படுக்கணும். வேலையையும் பிரிச்சுச் செய்யணும்."

"வேலையா? இவ என்ன வேலை செய்யறா?"

ஷைபா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு ஒரு நாள், சேச்சி எந்திரிக்கிறப்பல்லாம் எதுக்குன்னு எழுதுங்க. எப்பக் களைப்பு வருதுன்னு தெரிஞ்சிடும்."

சுகுமாரன் முப்பது வருஷம் பள்ளிக்கூட குமாஸ்தாவாக இருந்தவர். மறுநாள் காலை ஐந்தரைக்கே நோட்டில் கோடு போட்டுத் தயாரானார். பால் விடாத கட்டஞ்சாயா. முற்றம் பெருக்கல். புட்டு. கடலைக்கறி. சுகுமாரனுக்கு வெந்நீர். சுகுமாரனின் கண்ணாடியைத் தேடல். கண்ணாடி சுகுமாரன் தலையில். இரண்டாவது சாயா. கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் அவள் பின்னாலேயே நடந்து நடந்து, முப்பத்தொன்றாவது வரியோடு கட்டிலில் விழுந்தார். மணி பத்துகூட ஆகவில்லை.

"முட்டி போச்சு. விலாசினி, ஒரு சாயா போடு."

"முப்பத்திரண்டு. எழுதிக்குங்க."

சொன்னாளே தவிர, போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினாள்.

வழக்கம்போல் ரத்னவல்லியின் போன் வந்தது. "கொஞ்சம் களைப்பு, படுத்திருக்கேன்" என்றார் சுகுமாரன். பத்தே நிமிஷத்தில் ஆட்டோ வந்து நின்றது. ரத்னவல்லி இறங்கினாள்; கையில் ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், தைலம், துணைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர்.

"ஏட்டா! பகல்ல படுத்திருக்கியே! நெஞ்சு வலிக்குதா?"

"இல்லடி, எழுதி எழுதி..."

"பேசாத! மூணு நாள் அசையக் கூடாது!" என்றவள் அடுத்த கட்டிலைப் பார்த்தாள். "ஏட்டத்தி, அவனுக்குக் கஞ்சி வைக்காம இங்க என்ன படுக்கை?"

விலாசினி கண்ணைத் திறக்கவில்லை. "அரிசி இடதுபக்க டப்பாவுல இருக்கு."

"திமிரைப் பார்த்தியா ஏட்டா!"

"மெதுவாப் பேசு. விடியக்காலையிலேர்ந்து முப்பத்தோரு தடவை எந்திரிச்சிருக்கா. எழுதினதுக்கே நான் இப்படிக் கிடக்கேன்," என்று சுகுமாரன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப்போனார். "கஞ்சி நான் வைக்கிறேன்."

"ஐயோ, எந்திரிக்காதீங்க!" மூன்று பெண்களும் சேர்ந்து அவரைக் கட்டிலோடு அழுத்தினார்கள். ரத்னவல்லி முணுமுணுத்துக்கொண்டே அடுக்களைக்குள் போனாள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சுகுமாரனுக்கு உடம்புக்கு முடியலையாம், பெண்டாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் தூங்குகிறாளாம்.

விலாசினி இரண்டரை மணிவரை நன்றாகத் தூங்கினாள்.