நாற்பத்தொன்றாம் நம்பர்

கோலாலம்பூர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், பட்டயம் வாங்குவதற்கு முன் ஆறு மாதம் ஏதாவது ஓர் ஆலையில் பிரிவு பிரிவாகப் பயிற்சி எடுத்துவர வேண்டும். சேதுபதிக்கு வாய்த்தது மலாக்காவில், காஜா பெராங்குக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் ஆலை. ஐம்பத்தெட்டாம் ஆண்டு, பிப்ரவரியில் வந்து சேர்ந்தான். பெண்கள் ஒட்டுப்பாலிலிருந்து மரப்பட்டையும் கல்லும் பொறுக்கும் கொட்டகையில் இரண்டு மாதம், உருளை மெஷினில் ஒரு மாதம், பிறகு உலர்த்தும் அறை, கட்டுப் போடும் இடம், கடைசியாக ஆபீஸ்.

அந்த ஆலையில் கொட்டகைக்காரர்கள் ஆபீஸ் படி ஏறமாட்டார்கள். ஆபீஸ்காரர்கள் கொட்டகை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நூறு அடி தள்ளியே நடப்பார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்து எழுந்தவன் சேதுபதி ஒருவன்தான். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இருபது வயதில் யாருக்குத்தான் இல்லை?

அவன் ஆபீசுக்கு வந்த ஜூலை மாதத்தில் ஊரெங்கும் பிரஜா உரிமைப் பேச்சுதான். நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் முடியப்போகிறது. ஆகஸ்டு முடிவதற்குள் மனுப் போட்டால் மலாய்ப் பரீட்சை கிடையாது. எட்டு வருஷம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் போதும். தாள் இல்லாதவர்களைக் கப்பலேற்றி விடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, ஆலையில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாரும் கம்பெனிக் கடிதம் கேட்டார்கள். டைப் அடிக்கும் வேலை சேதுபதி தலையில் விழுந்தது.

ஆபீசின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி பொன்னுதுரை கொடுத்த பேரேட்டைப் பார்த்து, பெயர், நம்பர், சேர்ந்த ஆண்டு என்று வரிசையாக அடித்துக்கொண்டே வந்தான். நாற்பத்தொன்றாம் நம்பரில் கை நின்றது. 'பூங்காவனம்' என்றிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தொன்று என்று பொறித்த பித்தளை வில்லையைக் கழுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு, இரண்டு மாதம் அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கல் பொறுக்கியவள் அஞ்சலை அல்லவா? தன் சோற்றில் பாதியை அவனுக்குத் தள்ளிக் கொடுத்தவள். கொட்டகையில் அத்தனை பெண்களும் அவளை அஞ்சலை என்றுதான் கூப்பிடுவார்கள். கூடவே வேலை செய்கிறவளின் பெயர்கூடத் தெரியாத ஆபீஸ் என்று மனத்துக்குள் ஏசிவிட்டு, 'அஞ்சலை' என்று திருத்தி அடித்தான். யாரையும் கேட்கவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் கேட்கத் தோன்றுமா? வெள்ளைக்கார மேனேஜர் துரை கட்டோடு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் அஞ்சலை ஆபீஸ் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றாள். முந்தானையில் ரப்பர்ப் பால் கறை. அவன் இறங்கிப் போனான்.

"தம்பி, அந்த சூராட்டுல, கம்பெனிக் கடுதாசியில, என்ன பேரு போட்டீங்க?"

"உங்க பேருதான்க்கா. பேரேட்டுல தப்பா இருந்திச்சு, நான் திருத்திட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

பூங்காவனம் அவளுடைய அக்காள். ஜப்பான் சண்டைக்கு முன்பே இந்த ஆலையில் சேர்ந்தவள். ஜப்பான்காரன் காலத்தில், ஒரு வயதுகூட நிரம்பாத மகள் கோகிலாவை விட்டுவிட்டுச் செத்துப்போனாள். நாற்பத்தாறில் ஆலை திறந்தபோது பழைய ஆட்களுக்கு மட்டும்தான் வேலை என்று பெயர் வாசித்தார்கள். கையில் பிள்ளை, வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது. அக்காளின் வில்லையை மாட்டிக்கொண்டு போய் நின்ற அஞ்சலை, 'பூங்காவனம்' என்றதும் கையைத் தூக்கிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து அடையாளக் கார்டு எடுக்கப் படக்காரர் ஆலைக்கே வந்தார். கிராணி அதே பேரேட்டைத்தான் வாசித்தார். கார்டிலும் பூங்காவனம் என்றே பதிந்துபோனது.

"பன்னெண்டு வருஷமா அந்தப் பேருக்குக் கை தூக்குறேன், தம்பி. ஒரு நாளும் தவறினதில்ல. இன்னைக்குக் காலையில பிரஜா உரிமைப் பதிவு மேசையில இருந்தவரு உங்க சூராட்டப் பாத்து அஞ்சலைன்னு கூப்பிட்டாரு. வாய்தவறி, நான்தான்னு சொல்லிட்டேன். கார்டுல வேற பேரு இருக்கு. ரெண்டுல நீ யாருன்னு கேக்குறாரு. சூராட்டப் பிடிச்சு வெச்சிக்கிட்டாரு. அடிச்ச ஆளக் கூட்டிக்கிட்டு நாளைக்கு வரச் சொன்னாரு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் நடந்திருந்தது. உண்மையைச் சொன்னால் பொய்ப் பெயரில் கார்டு வாங்கிய குற்றம், வேலையும் போகும். இந்த ஊரில் அஞ்சலை என்று ஒருத்தி இருந்ததற்கு ஒரு துண்டுத் தாள் கிடையாது. கோகிலா இங்கே பிறந்தவள், அவளுக்குக் கவலையில்லை. ஆறு வயதில் கப்பலில் வந்த சித்தியை அனுப்பிவிட்டால், பதினாலு வயதுப் பெண் யாரை அண்டி இருப்பாள்?

அவன் நேரே பொன்னுதுரையிடம் போனான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; அதிகம் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நாற்பத்தாறில நான்தான் தம்பி பேர் வாசிச்சனான். செத்தவளையும் எனக்குத் தெரியும், கை தூக்கினவளையும் தெரியும். நான் அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்ல. நீர் திருத்த முன்னம் ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாம்."

சேதுபதி தலைகுனிந்து நின்றான். அந்த ஆபீசுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தவன் அவன். புதுக் கடிதம் ஒன்றைப் 'பூங்காவனம்' என்ற பெயரில் அடிக்கச் சொல்லி, அவரே துரையிடம் கையெழுத்து வாங்கித் தந்தார்.

மறுநாள் காலை இருவரும் காஜா பெராங் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த பதிவு மேசைக்குப் போனார்கள். மேசையில் இருந்தவர் பெயர் பொன்னையா. நெற்றி நிறையத் திருநீறு. மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பிள்ளை. சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவதெல்லாம் மலாய். தமிழ் அவர்கள் வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. கெட்டவர் அல்லர். பழைய கடிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

டைப் அடித்ததில் தன் பிழை என்று சேதுபதி மலாயில் சொன்னான். அவர் தலையசைத்தார். பிழை வரலாம், ஆனால் பூங்காவனம் என்பதற்குப் பதிலாக அஞ்சலை என்று எப்படி வரும்? அந்தப் பெயருக்கு இந்த அம்மாள் ஏன் 'நான்' என்றாள்? யார் அந்த அஞ்சலை?

சேதுபதி வழியெல்லாம் ஏழெட்டுப் பதில் யோசித்து வைத்திருந்தான். ஒன்றும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. பக்கத்தில் நின்றவள்தான் பேசினாள், தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில்.

"அஞ்சலை ஆடிக் சாயா, துவான். சூடா மாத்தி."

அஞ்சலை என் தங்கச்சி, செத்துப்போய்விட்டாள் என்று சொன்னாள். தன் சாவைத் தன் வாயாலேயே சொன்னாள்.

எப்போது என்று கேட்டார். ஜப்பான் காலத்தில் என்றாள். எப்படி என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: பதினொரு நாள் காய்ச்சல், கொயினா மருந்துக்கு அலைந்தது, போர்த்திப் புதைக்கத் துணி இல்லாமல் கோணிச் சாக்கில் சுற்றியது, பசித்த பிள்ளை அந்தச் சாக்கைப் பிடித்து இழுத்தது. பெயர் ஒன்றைத் தவிர அதில் பொய் கிடையாது. சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அக்காளுக்காக வெளியே அழ முடியாதவள், அன்றைக்குத் தன் பெயரைச் சொல்லி அழுதாள்.

பொன்னையா பேனாவை வைத்துவிட்டு அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு தாளில் எழுதினார். செத்த தங்கையின் ஞாபகத்தில், கடிதம் அடித்தவனிடமும் தன்னிடமும் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள் என்பது அவர் கணக்கு. சாட்சியாக ஒருவர் கையெழுத்து வேண்டும் என்று தாளைச் சேதுபதியின் பக்கம் நகர்த்தினார். அஞ்சலை, தங்கை, இறந்துவிட்டார் என்று மலாயில் இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் 'போடுங்க' என்பதுபோல் தலையை ஆட்டினாள். தன் சோற்றில் பாதியைக் கொடுத்தவள் செத்துவிட்டாள் என்று, அவள் நிற்கும்போதே கையெழுத்துப் போட்டான்.

அவள் வலது கையைத் தூக்கி விசுவாசப் பிரமாணம் சொன்னாள். நான், பூங்காவனம், என்று தொடங்கினாள். இந்தத் தடவை வாய் தவறவில்லை.

வெளியே வெயில் ஏறிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அவன் நின்றான்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"உங்களச் சொல்லி என்ன தம்பி. என் பேரு சரியா இருக்கணும்னு இந்தச் சீமையில நெனச்சது நீங்க ஒருத்தர்தான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கொட்டகையில எல்லார்ட்டயும் சொல்லிடுங்க. இனிமே யாரும் என்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது."

"வீட்லயுமா?"

"வீட்லயும்தான். கோகிலா சின்னம்மான்னுதானே கூப்பிடுறா. இன்னையிலேருந்து அம்மான்னு கூப்பிடச் சொல்லணும்." சாலைப் பக்கம் திரும்பினாள். "பெத்தவ மொகமே அவளுக்குத் தெரியாது. நான் சொன்னா அப்படியே கூப்பிடுவா. ஆனா, என் அக்கா கேட்டா என்ன நெனைப்பாளோ, அதான் தெரியல."

அவள் ஆலைக்குப் போகும் சாலையில் இறங்கி நடந்தாள். கூப்பிட்டு நிறுத்தி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று சேதுபதிக்குத் தோன்றியது. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.