யாக்கூப் வீட்டு நீலச் சோறு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. தட்டில் சோறு விழுந்ததும் வாயில் வைக்கமாட்டார்கள், உற்று உற்றுப் பார்ப்பார்கள். எந்தக் கப்பலில் வந்த அரிசி, ஏன் இப்படிப் பழுப்பாக இருக்கிறது, பக்கத்து வீட்டில் வெள்ளையாக இருந்ததே என்று பேசியே ஆறவிடுவார்கள். அப்துல் அலீம் பார்த்த சோறெல்லாம் நீலமாகிப்போன வருஷத்தில் இவர்கள் சிங்கப்பூர்த் தேக்காவில் இருந்திருந்தால் பாதிப் பேர் பட்டினியில் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

லண்டனில் புது ராஜா முடிசூட்டிக்கொண்ட வருஷம் அது. அலீம் யாக்கூபின் மகன். யாக்கூப் தேக்கா பசாரில் ஆட்டிறைச்சி விற்றவர். நாகூர்ப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே கப்பலேறி வந்தவர். கையெழுத்துக்குப் பெருவிரலை நீட்டுகிறவர். அடுத்தவன் தராசையும் படித்தவன் பேச்சையும் அவர் ஒன்றுபோலவே நம்பமாட்டார். மகன் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தபோது, "வெட்டத்தானே போறே, அதுக்கு என் கடை போதாதா?" என்று மட்டும் கேட்டார். ஆனால் அங்கே எடுத்த எடுப்பில் கத்தியைக் கொடுக்கவில்லை. உடம்புக்குள் நடக்கிற ரசாயனத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். தின்ற சோறு சர்க்கரையாகிறது, மிஞ்சின சர்க்கரையை ஈரல் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று அலீம் ஒருநாள் கடையில் நின்று சொன்னான். யாக்கூப் கத்தி தீட்டுவதை நிறுத்தவில்லை. "நான் வெட்டாத ஈரலா? ஒரு நாளாச்சும் ஒரு எறும்பு மொய்ச்சிருக்கா?" என்றார். பசாரே சிரித்தது. அலீமும் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்வான்.

நீலம் வந்தது நோன்பு மாதத்தில். பள்ளியில் ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் கஞ்சித் தண்ணீர். அயோடின் ஒரு சொட்டு விட்டால் கஞ்சியிலிருக்கும் மாவு நீலமாகும். அது பாடத்தின் முதல் பாதி. பிறகு கொஞ்சம் கஞ்சியை வாயில் வைத்துக் குதப்பி, அந்த எச்சிலை நீலக் குழாயில் துப்ப வேண்டும். எச்சில் மாவைச் சர்க்கரையாக்கும், நீலம் தானாக வெளுக்கும். அது இரண்டாம் பாதி. அலீம் முதல் பாதியைச் செய்தான். இரண்டாவதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். விழுங்க வேண்டாம், துப்பினால் போதும் என்றார் வெள்ளைக்கார ஆசிரியர். "நோன்பு வச்ச வாய்க்குள்ள கஞ்சி போகாது, துவான்" என்றான் அலீம். பக்கத்து மேசைக்காரன் தன் எச்சிலைத் தர வந்தான், அதையும் வாங்கவில்லை. ஆசிரியர் பாதி மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்தார். பாதியில் நின்ற பாடம் நகரவில்லை. அது அலீமோடு வீட்டுக்கு வந்தது.

அன்று நோன்பு திறக்க உட்கார்ந்தார்கள். அலீம் பார்த்ததும் கஞ்சிச் சட்டி மைக்கூடு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் இடியாப்பம், அதற்கடுத்து ரொட்டி, மரவள்ளிக்கிழங்கு. மாவு என்று எது இருந்ததோ அதெல்லாம் அவன் கண்பட்டதும் நீலமானது. இறைச்சியும் மீனும் தப்பித்தன. சிராங்கூன் சாலையில் அவன் நடந்தால் சாப்பாட்டுக் கடைகள் பலகையைச் சாத்தின. கஞ்சி போட்டுத் தேய்த்த கோட்டோடு எதிரே வந்த துரைகள் முழங்கைவரை நீலமாகித் திரும்பிப் போனார்கள். சலவைக்காரர்கள் அவனைக் கண்டால் துணிமூட்டையை வண்டிக்கு அடியில் தள்ளினார்கள். பெருநாள் கழிந்ததும் அவனே நீலச் சோற்றை மென்று பார்த்தான். பலிக்கவில்லை. ஒருமுறை மறுத்த வாயின் எச்சிலை அந்த நீலம் மதிக்கவில்லை. வேறு யாரும் அதை வாயில் வைக்கவும் துணியவில்லை. தாய் ஹலீமா எல்லாவற்றையும் ஆட்டுக்கொட்டிலில் கொட்டினாள். ஆடுகள் தின்று நன்றாகக் கொழுத்தன. யாக்கூபுக்கு அதுவே போதுமான அத்தாட்சி. "ஆடு சாகலையே, அப்புறம் என்ன?" என்று சொல்லி, கேட்டவர்களின் வாயை அடைத்தார்.

இந்த நேரத்தில்தான் மகள் ஜைனபின் கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் முகம்மது யூசுப், கேலாங்கில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். வந்தவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார். "ஒண்ணுமில்ல சம்பந்தி. விருந்து முடியிற வரைக்கும் தம்பியைத் தெம்பனிஸ் பக்கம் ஏதாவது தோட்டத்துக்கு அனுப்பி வைங்களேன். எங்க ஆளுங்க கொஞ்சம் கூச்சப்படுறாங்க."

"உங்க ஆளுங்க கூச்சப்பட்டா கண்ணைக் கட்டிக்கிட்டுத் தின்னச் சொல்லுங்க" என்றார் யாக்கூப்.

"சோறு நீலமாச்சுன்னா நாங்க எந்திரிச்சுருவோம், சொல்லிட்டேன். பொண்ணையும் கூட்டிட்டுப் போகமாட்டோம்."

ஹலீமா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு நாள்தானே, போய்விட்டு வரட்டுமே என்றாள். அலீமே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தான். திரைக்குப் பின்னாலிருந்து, அண்ணனைக் காக்கா என்றே கூப்பிடும் ஜைனபின் குரல் வந்தது: "காக்கா போனா நானும் அதே வண்டியில ஏறுவேன், உம்மா. இங்க யாரும் யாரையும் கட்டிக்க வேணாம்." யாக்கூப் மூட்டையைப் பிடுங்கி ஆட்டுக்கொட்டிலில் எறிந்தார். மகன் படிக்கிற படிப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம். தன் வீட்டுப் பந்தியில் யார் உட்காரலாம் என்று கேலாங்கிலிருந்து ஒருவன் வந்து சொல்வதா?

நிக்காஹ் காலையில் முடிந்தது. பந்தலில் பாய் விரித்து சகன் வைத்தார்கள். ஒரே தாம்பாளத்தில் நெய்ச்சோறு, சுற்றி நாலு பேர், நாலு கையும் அதே சோற்றில், அதுதான் சகன். அதில் உட்கார மறுப்பது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். அலீம் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். யாக்கூப் அவன் மோவாயை நிமிர்த்தி, "நல்லாப் பாருடா" என்றார். பார்த்தான். பந்தல் முழுக்கத் தாம்பாளம் தாம்பாளமாக நீலம் பரவியது, கிராம்பும் திராட்சையும் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. யூசுப் எழுந்தார். அவர் ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ அழத் தொடங்கினார்கள்.

யாக்கூப் மகனைத் தோளில் அழுத்தி உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்து பிஸ்மி சொல்லிக் கையைப் போட்டார். பெரிய கவளம். மென்றார், விழுங்கினார், விரலை நக்கினார், அதே விரலை மறுபடி சோற்றுக்குள் விட்டார். விரல் பட்ட இடம் வெளுத்தது. முதலில் ஒரு பிடி அளவு, பிறகு அவர் பக்கம் முழுக்க. நீலம் அலீம் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போய்க் கரைந்தது. அலீம் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். சோறு வெள்ளையாகவே இருந்தது.

"வாப்பா! எச்சில்தான் வாப்பா! ரெண்டாம் பாதி!" என்று கத்தினான்.

"கல்யாணப் பந்தியில எச்சில் பேச்சு எதுக்குடா? தின்னு."

மாப்பிள்ளை தகப்பனைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான். "எனக்குப் பசிக்குது, வாப்பா" என்று சொல்லிவிட்டு யாக்கூபின் சகனில் வந்து உட்கார்ந்தான். அப்புறம் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நக்கிய விரல் பட்டுத் தாம்பாளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. யூசுப் கடைசிவரை நின்றார். அவருக்கென்று வைத்த சகன் மட்டும் சாயங்காலம்வரை நீலமாகவே இருந்து ஆடுகளுக்குப் போனது. மருமகளை அவர் அழைத்துக்கொண்டுதான் போனார். மகன் முன்னாலேயே வண்டியில் ஏறிவிட்டான்.

அதன்பிறகு தேக்காவில் இதைப் பற்றி யாரும் வியந்து பேசவில்லை. அலீம் பாதி மதிப்பெண்ணோடு தேறி, டாக்டராகி, நரைத்தும் போனார். அவர் வருகிற வீட்டில் சோறு நீலமாகும், தின்னத் தின்ன வெளுக்கும். மழைக்குக் குடை எடுப்பதுபோல அதையும் எடுத்துக்கொண்டார்கள். ஜைனபின் பிள்ளைகள் வெள்ளைச் சோற்றைச் சப்பென்று இருக்கிறது என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, யாக்கூப் ஜும்மாவுக்குக் கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவோடு வாசலில் இறங்கியபோது, டாக்டர் மகன் ஒரு கண்ணாடிக் குழாயோடு வந்து நின்றார்.

"ஒரு சொட்டு எச்சில் குடுங்க வாப்பா. உங்க எச்சில்ல அப்படி என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுறேன்."

"எச்சிலாவது மண்ணாவது" என்றார் கிழவர். "நெய்டா அது. உங்க உம்மா ஊத்தின நெய். நல்ல நெய்க்கு முன்னாடி எந்தச் சாயம் நிக்கும்?"

"நெய் முன்னாடியே இருந்துச்சே வாப்பா. நீங்க தின்ன அப்புறம்தானே வெளுத்துச்சு?"

யாக்கூப் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார். மகன் பார்த்துக்கொண்டே நிற்க, அவர் ஜிப்பாவின் முதுகும் காலரிலிருந்து கீழாக நீலமாகிக்கொண்டே போனது. எதிரே வந்தவர்கள் சலாம் சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.