எட்டு நாற்பது படகு

அலுவலகத்தில் அவனுக்கு அட்டவணை என்று பட்டப்பெயர். பஸ், ரயில், படகு எல்லாவற்றையும் ஒரே செயலியில், ஒரே டிக்கெட்டில் கோத்துக் கொடுக்கும் கம்பெனி அது. கோப்பது அவன் வேலை. கேட்க ஜோராகத்தான் இருக்கும். பஸ்காரர்கள் அனுப்பும் பட்டியலில் பாதி நிறுத்தங்களுக்குப் பெயர் இருக்காது. ரயில்காரர்கள் பத்துத் தடவை கெஞ்சினால்தான் வாய் திறப்பார்கள். படகுக்காரரோ, படகு பழுதாகிக் கிடக்கிறது, ஓடும்போது சொல்கிறேன் என்று கையை விரித்துவிட்டார்.

அன்று காலை ஏழரைக்குத் தங்கை போன் செய்தாள். அக்கரையில் ஒன்பது மணிக்குப் பரீட்சை, பாலத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடவா என்று கேட்டாள். மூன்று வருடம் ராப்பகலாகப் படித்த வேலைத் தேர்வு. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. ஆனாலும் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் எதுக்கு இருக்கேன்? ஆப் சொல்ற வழியில போ," என்றான்.

எட்டரை தாண்டியதும் புகார்ப் பிரிவுக்காரி அவன் மேஜைக்கு வந்தாள். படகுத்துறையில் ஆட்கள் காத்திருக்கிறார்களாம். எட்டு இருபது படகு வரவில்லையாம். இப்போது எட்டு நாற்பதுக்கு வரும் என்று காட்டுகிறதாம்.

படகைத்தான் இன்னும் சேர்க்கவே இல்லையே என்று சொல்லிக்கொண்டே திரையைத் திறந்தான். ஆற்றின் குறுக்கே நீலக்கோடு ஓடியது. சேர்த்தவர் என்ற இடத்தில் அவன் பெயர்.

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன், முதலாளி யார் யாருக்கோ செயலியைக் காட்டிய அன்று, ஆற்றங்கரையில் வழி அறுந்து நின்றது பார்க்க அசிங்கமாக இருந்தது. அவன்தான் இருபது நிமிடத்துக்கு ஒரு படகு என்று ஒப்புக்கு எழுதி வைத்தான். காட்டி முடிந்ததும் அழிக்க வேண்டியது. மறந்தே போனான். நேற்று வெளியான புதுப் பதிப்பில் அதுவும் சேர்ந்து போய்விட்டது. படகிலிருந்து தகவல் வராவிட்டால் எழுதிய நேரத்தையே நிஜம்போலக் காட்டும் செயலி, 'இன்னும் இரண்டு நிமிடம்' என்றது.

அழிக்கக்கூடத் தோன்றாமல் தங்கையைக் கூப்பிட்டான்.

"துறையிலதான்ணா நிக்கிறேன்," என்றாள் அவள் நிதானமாக. "படகு கரையில கவுந்து கிடக்கு, எங்க வரப்போகுதுன்னு பாதிப் பேர் அப்பவே பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. வேற படகு வரும், எங்கண்ணன் போட்ட நேரம் தப்பாதுன்னு சொல்லி ஆறு பேரை நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அவங்களுக்கும் இதே பரீட்சைதான்."

அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"அப்படி ஒரு படகே இல்லம்மா. நான் சும்மா எழுதி வச்சது."

தங்கை போனை வைக்கவில்லை. மணி எட்டு நாற்பது ஆனது. அவன் திரையில் படகு துறையை அடைந்தது.

போனுக்குள் அவள் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"வந்துடுச்சுன்னு காட்டுதேக்கா. எங்க இருக்கு?"